புதுப் பாப்பரசர் வந்துவிட்டார், இனி என்ன மாறும்? எங்கள் பங்கில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

2025 மே 8ஆம் திகதி இரவு ஒன்பதரை கடந்த நேரம், வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் புகைபோக்கியிலிருந்து, புதுப் பாப்பரசர் தெரிவாகிவிட்டார் என்பதற்கு அடையாளமான வெள்ளைப் புகை வந்ததை எங்கள் வீட்டில் அயலவர்களோடு இருந்து பார்த்தோம். அடுத்த நாள் காலைப் பூசை முடிந்து கோயில் முற்றத்துக்கு வந்ததும் கேள்விகள் தொடங்கின. யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்கு ஒன்றில் நீண்ட காலமாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். அதனால் எதுவென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். மீன் சந்தையில் ஒருவர், செத்தவீட்டில் ஒருவர், கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒருவர் என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

புதுப் பாப்பரசர் ஆர்? எங்கத்தை ஆள்?

பெயர் ரொபேர்ட் பிரான்சிஸ் பிரிவோஸ்ட். இப்போது 14ஆம் லியோ. 1955 செப்டெம்பர் 14இல் அமெரிக்காவின் சிக்காகோவில் பிறந்தவர். புனித அகுஸ்தீனார் சபைத் துறவி. அந்தச் சபையிலிருந்தும் சரி, அமெரிக்காவிலிருந்தும் சரி, பாப்பரசரான முதல் ஆள் இவர்தான். ஆனால் அவருடைய பணிக்காலத்தில் பெரிய ஒரு பகுதி தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் கழிந்தது. 1985இல் அங்கே மறைபரப்பாளராகப் போனார். 2015இல் சிக்லாயோ என்ற ஊரின் ஆயரானார், பெரு நாட்டுக் குடியுரிமையும் எடுத்தார். வெள்ளத்தில் ரப்பர் சப்பாத்தோடு அவர் நிற்கும் படத்தை நீங்களும் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். அது அங்கே எடுத்தது. 2023இல் அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் அவரை ரோமுக்கு அழைத்து, உலகெங்கும் ஆயர்களைத் தெரிவு செய்ய உதவும் திணைக்களத்தை ஒப்படைத்தார்.

133 கர்தினால்மார் வாக்களித்தார்கள். எங்கள் நாட்டிலிருந்து கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் அதில் இருந்தார். நான்காவது வாக்கெடுப்பிலேயே, இரண்டாம் நாளில், காரியம் முடிந்தது.

லியோ எண்டு ஏன் பேர் வைச்சவர்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் எங்கள் சொந்தக் கதையும் இதில் இருக்கிறது. 13ஆம் லியோவை நினைத்தே இந்தப் பெயரை எடுத்ததாகப் பாப்பரசரே கர்தினால்மாரிடம் சொன்னார். அந்த லியோ 1891இல் தொழிலாளரின் உரிமை, நியாயமான சம்பளம், சங்கம் அமைக்கும் உரிமை பற்றிச் சுற்றுமடல் எழுதியவர். அன்று ஆலைகள் மனிதர்களை என்ன செய்தனவோ, அதையே இன்று செயற்கை நுண்ணறிவு செய்யக்கூடும் என்பது புதியவரின் கவலை.

அந்த 13ஆம் லியோதான் 1886இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முறையான மறைமாவட்ட அமைப்பைத் தந்தவர். யாழ்ப்பாண மறைமாவட்டம் பிறந்தது அப்போதுதான். 1893இல் இந்த மண்ணின் பிள்ளைகளே இந்த மண்ணுக்குக் குருக்களாக வேண்டும் என்று எழுதி, கண்டியில் பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். அவர் அப்படி எழுதியிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தமிழ் ஆயர் வர எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமா? எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை பொறுப்பேற்றது 1950இல். மறைமாவட்டம் தொடங்கி 64 வருடங்கள் கழித்து. அதுவரை இருந்தவர்கள் ஐரோப்பியர்கள். ரோமில் எழுதுவது ஊருக்கு வந்துசேர எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

பாப்பரசர் நினைச்சா எதையும் மாத்தலாம்தானே?

மாற்ற முடியாது. இந்த ஒரு பதிலை நன்றாகப் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகள் லேசாகிவிடும்.

வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அத்திவாரம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, தளபாடம் இருக்கிறது. கிறிஸ்து உயிர்த்தார், கடவுள் மூவொரு கடவுள் போன்ற நம்பிக்கைகள் அத்திவாரம். அதில் எந்தப் பாப்பரசரும் கை வைக்க மாட்டார், வைக்கவும் முடியாது. நடுவில் இருப்பது போதனை. அது அப்படியே நிற்கும், ஆனால் விளக்கம் காலத்தோடு வளரும். மரண தண்டனையை எடுங்கள். ஒருகாலத்தில் சில நேரங்களில் ஏற்கலாம் என்று மறைக்கல்வி நூலில் இருந்தது. 2018இல் பிரான்சிஸ் அந்தப் பந்தியைத் திருத்தி, ஏற்க முடியாது என்று எழுதுவித்தார். மூன்றாவது ஒழுங்குமுறை: பூசை எந்த மொழியில், நோன்பு எந்த நாளில், விசாரணை எப்படி, குரு கலியாணம் கட்டலாமா என்பவை. இது தளபாடம் மாதிரி. பாப்பரசர் ஒரு கையெழுத்தோடு நகர்த்தலாம்.

யார் எதைக் கேட்டாலும் முதலில் அது இந்த மூன்றில் எது என்று பார்ப்பேன்.

அப்ப அவர் சொன்னா பிழையே வராதெண்டு சொல்லுறவை?

அது 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்த விடயம். நம்பிக்கை, ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபைக்கும் கட்டாயமான போதனையாக, அந்த அதிகாரத்தோடு அறிவித்தால் மட்டுமே பொருந்தும். அதன் பிறகு அப்படி நடந்தது ஒரே தடவை, 1950இல், மாதாவின் விண்ணேற்பை 12ஆம் பத்திநாதர் அறிவித்தபோது. விமானத்தில் பத்திரிகையாளருக்குச் சொல்வதும் நேர்காணலில் சொல்வதும் அந்தக் கணக்கில் வராது.

இவர் முற்போக்கோ, பழமைவாதியோ? ஒரு பக்கம் சொல்லுங்கோ.

எங்கள் ஊரிலேயே மூன்று கருத்து இருக்கிறது. இளம் பெடியள், அதுவும் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், பிரான்சிஸ் விட்ட இடத்திலிருந்து இவர் ஓட வேண்டும் என்கிறார்கள். என் வயதுக்காரர் பலர், போதும், கொஞ்சம் அமைதியாகப் போகட்டும் என்கிறார்கள். மூப்பர் ஒருவர், மாடத்தில் இவர் சிவப்பு மேலாடை போட்டு வந்ததைக் கண்டதும் கண்ணீர் விட்டார். பிரான்சிஸ் தான் தெரிவான நாளில் அதைப் போடவில்லை. மூன்றாவது கூட்டம்: யார் வந்தால் என்ன, எங்கள் பங்கில் ஒரு கதிரையும் நகராது என்பவர்கள். உண்மையைச் சொன்னால் இந்த மூன்றாவது கூட்டம்தான் பெரியது. எனக்கு அதிகம் கவலை தருவதும் அதுதான்.

லியோவை ஒரு பக்கத்தில் வைக்க முடியாது. ஏழைகள், குடிபெயர்ந்தோர், போர் பற்றிப் பேசும்போது பிரான்சிஸின் குரல்தான். போதனை பற்றிக் கேட்டால் மிகவும் நிதானம். ஆடையிலும் இருப்பிடத்திலும் பழைய வழக்கத்துக்குக் கொஞ்சம் திரும்பியிருக்கிறார். பன்னிரண்டு வருடம் தன் சபைக்கு உலகத் தலைவராக இருந்தவர். எல்லாரையும் கேட்டுவிட்டு ஆறுதலாகத் தீர்மானிக்கிற பழக்கம் அங்கேயே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரான்சிஸ் செய்ததையெல்லாம் இவர் திருப்பிப் போடுவாரோ?

அப்படிச் செய்கிற ஆளாகத் தெரியவில்லை. 2025 ஒக்டோபரில் இவர் வெளியிட்ட முதல் பெரிய ஏடு ஏழைகள் மீதான அன்பைப் பற்றியது. அதைத் தொடங்கியவர் பிரான்சிஸ், முடித்துக் கையெழுத்திட்டவர் லியோ. வாக்களித்த கர்தினால்மாரில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பிரான்சிஸ் நியமித்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பொம்பிளையள் குருவானவராகிற காலம் வருமோ?

குருத்துவம் பற்றி 1994இல் இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்கு அதை வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதினார். பிரான்சிஸும் அதை மாற்றவில்லை. லியோவும் தமக்கு இப்போது மாற்றும் எண்ணம் இல்லை என்று 2025 செப்டெம்பரில் வெளியான நேர்காணலில் சொன்னார். குருவுக்கு அடுத்த படியான திருத்தொண்டர் பட்டத்தைப் பெண்களுக்குக் கொடுக்கலாமா என்று ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை அந்த வருட டிசம்பரில் வெளிவந்தது. இப்போதைக்கு இல்லை என்றது, ஆனாலும் இதுவே முடிந்த தீர்ப்பு அல்ல என்றும் சொன்னது.

இதைக் கேட்டுச் சோர்ந்து போகிற பிள்ளைகளுக்கு நான் வேறொன்றைக் காட்டுகிறேன். 2021 ஜனவரியில் பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தைத் திருத்தி, வாசகர், பூசையில் பீடத்தில் உதவும் பீடத்துணைவர் என்ற பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்தார். 2023இல் ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா ஒரு வத்திக்கான் திணைக்களத்துக்கே தலைவியானார். எங்கள் பங்கில் ஞாயிறு வாசகம் வாசிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். ஆயர் கையால் அந்தப் பணிக்கு நியமனம் பெற்றவள் ஒருத்தியும் இல்லை. ரோமில் திறந்த கதவு இங்கே இன்னும் சாத்தியபடி இருக்கிறது. அதைத் தள்ளிப் பார்க்கச் சொல்லி நான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

சுவாமிமார் கலியாணம் கட்ட விடுவினமோ?

இது மூன்றாவது வகை, ஒழுங்குமுறை. கீழைத் திருச்சபைகளில் கலியாணம் கட்டிய கத்தோலிக்கக் குருக்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கிலிக்கன் சபையிலிருந்து குடும்பத்தோடு வந்து குருவானவர்களும் உண்டு. ஆகவே முடியும். ஆனால் 2019இல் அமேசன் பகுதிக்கான மாமன்றம் அதைக் கேட்டபோது பிரான்சிஸ் கூட அதன்படி செய்யவில்லை. லியோ அவசரப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மனுசன் விட்டிட்டுப் போட்டான். நான் நன்மை வாங்கலாமோ? புதுப் பாப்பரசர் இதுக்கு ஏதும் செய்வாரோ?

வாங்கலாம், அக்கா. இன்றைக்கே வாங்கலாம். கணவன் விட்டுப் போனதாலோ, பிரிந்து வாழ்வதாலோ, நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனதாலோ மட்டும் எவரும் நன்மையை, அதாவது பூசையில் வாங்கும் நற்கருணையை, இழப்பதில்லை. சிக்கல் வருவது, முதல் திருமணம் திருச்சபையில் செல்லுபடியாக இருக்கும்போது இன்னொருவரைக் கட்டி வாழும்போதுதான். இதற்குப் புதுப் பாப்பரசரும் தேவையில்லை, புதுச் சட்டமும் தேவையில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் சின்னம்மாவின் மகளை அவள் கணவன் வெளிநாடு போய்க் கைவிட்டான். அவள் வேறு எவரையும் கட்டவில்லை. ஆனாலும் பங்கில் பொறுப்பான இடத்தில் இருந்த ஒருவர், நீ இனி நன்மை வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் அவள் பூசையில் கடைசி வாங்கில் இருந்து, நன்மை கொடுக்கும் நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கூட இருந்த எனக்கும் அப்போது சட்டம் தெரியாது. வேறொரு பங்கின் குருவானவர் தற்செயலாகக் கேட்டு, அப்படி ஒரு சட்டமே இல்லை மகள் என்றார். அந்த ஒன்பது வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அந்தக் கோபத்தில்தான் நான் இவற்றையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மறுமணம் செய்ய விரும்புகிறவர்களுக்கு வழி, மறைமாவட்டத் திருமண நீதிமன்றம். அங்கே கேட்பது விவாகரத்து அல்ல. அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியானதா என்று விசாரிப்பார்கள். வற்புறுத்திக் கட்டிவைத்தது, பெரிய உண்மை ஒன்றை மறைத்தது, பிள்ளையே வேண்டாம் என்ற தீர்மானத்தோடு கட்டியது போன்றவை காரணமாகலாம். முன்பு இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். 2015இல் பிரான்சிஸ் அதை ஒன்றாக்கினார். இருவரும் உடன்பட்டு, சான்றும் தெளிவாக இருந்தால் ஆயரே குறுகிய வழியில் தீர்க்கலாம். செலவும் முடிந்தவரை இல்லாதிருக்க வேண்டும் என்றார். பத்து வருடம் கடந்தும் இதைக் கேள்விப்படாத குடும்பங்களை நான் மாதாமாதம் சந்திக்கிறேன்.

என்ர மகள் சைவப் பெடியனைக் கட்டப் போறாள். அவன் ஞானஸ்நானம் எடுத்தே ஆகோணுமோ?

இல்லை. ஆயரிடம் தடைநீக்கம் பெற்றுக் கோயிலிலேயே கட்டலாம். பெடியன் மதம் மாற வேண்டியதில்லை. மகள் தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுப்பாள். அந்த வாக்கு பெடியனுக்குத் தெரிந்திருந்தால் போதும், அவன் கையெழுத்திட்டுச் சத்தியம் பண்ணத் தேவையில்லை. இது 1970இல் ஆறாம் பவுல் காலத்திலேயே வந்த ஒழுங்கு. மாறு என்று நெருக்கி அவனைத் தண்ணீருக்குள் இறக்குவது அவனுக்கும் நல்லதல்ல, எங்கள் விசுவாசத்துக்கும் நல்லதல்ல.

ஒரே பாலினச் சோடிகளுக்கு ஆசீர்வாதம் குடுக்கலாம் எண்டவை. இவர் அதை நிப்பாட்டுவாரோ, இல்லாட்டிக் கலியாணமே கட்டி வைப்பாரோ?

கனடாவிலிருந்து மருமகள் முதல் பாதியைக் கேட்டாள். இங்கே ஒரு பெரியவர் இரண்டாம் பாதியைப் பயத்தோடு கேட்டார். 2023 டிசம்பரில் வத்திக்கான் அனுமதித்தது, வழிபாட்டு முறை இல்லாமல், கலியாணம் போலத் தோன்றாமல், வந்து கேட்கும் மனிதர்களுக்குக் குரு கொடுக்கும் சிறிய ஆசீர்வாதம். ஆபிரிக்க ஆயர்கள் பலர் தங்கள் நாடுகளில் அதைச் செய்ய மாட்டோம் என்றார்கள். திருமணம் பற்றிய போதனை இரண்டாவது வகை. அது அண்மையில் மாறும் சாத்தியம் மிகக் குறைவு என்று, மேலே சொன்ன நேர்காணலிலேயே லியோ சொல்லிவிட்டார். அதே வேளை எல்லாரையும் வரவேற்க வேண்டும் என்பதிலும் அவர் பின்வாங்கவில்லை.

இலங்கையில் இதைப் பேசுவது கடினம். பிரித்தானியர் காலத் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. ஓரினச் சேர்க்கையாளராக இருப்பது குற்றமல்ல என்று பிரான்சிஸ் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் வீடுகளிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டம் எப்படி இருந்தாலும் பெற்றோர் அவர்களை வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும் என்றே நான் மன்றாடுகிறேன்.

சிறு பிள்ளையளைக் கெடுத்த சுவாமிமாரை மறைச்சவை எண்டு செய்தியளில வருது. இவர் கடுமையா இருப்பாரோ?

2019இல் வந்த சட்டப்படி, முறைப்பாடு தெரிந்த குருவோ துறவியோ அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர். மறைக்கும் ஆயர் மீதும் விசாரணை வரும். லியோ ஆயர் திணைக்களத்தில் இருந்தவர், இந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்று உள்ளிருந்து கண்டவர். பெருவில் பெரும் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டுக்குள்ளான சமூகம் ஒன்று 2025இல் கலைக்கப்பட்டது. அதில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர் துணைநின்றார் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சிக்லாயோவில் வந்த ஒரு முறைப்பாட்டை அவர் கையாண்ட விதத்தைக் குறைகூறியவர்களும் உண்டு, மறைமாவட்டம் அதை மறுத்தது. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை ஏதும் சொன்னால் முதலில் நம்புங்கள். பொலிசுக்குப் போவதற்குத் திருச்சபையில் எவருடைய அனுமதியும் தேவையில்லை.

அமெரிக்கர் எண்டா அமெரிக்காவின்ர பக்கம்தானே நிப்பார்?

இதுவரை அப்படி இல்லை. கருக்கலைப்பை எதிர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு குடிபெயர்ந்தோரை மனிதத்தன்மையில்லாமல் நடத்துவதற்கு உடன்படுகிறவர், உண்மையில் உயிருக்கு ஆதரவானவரா என்று 2025 செப்டெம்பர் கடைசியில் பத்திரிகையாளர் முன் கேட்டார். அகதியாகப் போய்த் தஞ்சம் கேட்டு நின்ற சொந்தக்காரர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் எத்தனை? அந்தப் பேச்சு எங்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கட பிரச்சினைக்கு, காணாமல் போன எங்கட பிள்ளையளுக்கு, இவர் வாய் திறப்பாரோ?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

எங்கள் திருச்சபையும் காயப்பட்ட திருச்சபைதான். 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் குண்டுவீச்சில் இறந்தார்கள். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுன் அடிகளார் 2006 ஓகஸ்ட் 20இல் காணாமல் போனார். சரணடைந்தவர்களோடு 2009 மே மாதம் போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் திரும்பவில்லை. காணாமல் போனோர் பட்டியலில் எங்கள் குருக்களும் இருக்கிறார்கள் என்பதை ரோமுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

2015 ஜனவரி 14இல் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். வடக்குக்கு வந்த முதல் பாப்பரசர். நானும் விடிய முன் பஸ் ஏறிப் போனேன். போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அவர் முன்னால் இருந்தார்கள். அவர் மடு மாதாவின் சுருவத்தை ஏந்தி ஆசீர்வதித்தபோது அந்தக் காட்டில் ஒரு சத்தமும் இல்லை. அதனால் யாருடைய பிள்ளையும் திரும்பி வரவில்லை, அதுவும் உண்மை. பாப்பரசரிடம் படை இல்லை. கொழும்பில் ஒரு தூதர் இருக்கிறார், ஐக்கிய நாடுகள் சபையில் நிரந்தரப் பார்வையாளர் இடம் இருக்கிறது, எங்கள் ஆயர்கள் முறைப்படி ரோமுக்குப் போய் அறிக்கை கொடுக்கும் சந்திப்பு இருக்கிறது. இந்த மூன்று வாசலிலும் எங்கள் பெயர்ப் பட்டியலைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லி எங்கள் ஆயர்களிடம் கேட்கலாம். மாடத்தில் லியோ சொன்ன முதல் வார்த்தை சமாதானம். ஆயுதமில்லாத, ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்கிற சமாதானம் என்றார். அந்தச் சொல்லை வைத்தே அவரிடம் கேட்போம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

கோயிலில சாதி பாக்கிறதைப் பாப்பரசர் வந்து நிப்பாட்டுவாரோ?

பாப்பரசர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். 2003இல் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதி வேற்றுமை இருக்கவே கூடாது என்று இரண்டாம் யோவான் பவுல் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அது எங்களுக்கும் பொருந்தும்.

வாங்கில் தனித்தனியாக இருந்த காலத்தை எங்கள் பாட்டன்மார் கண்டார்கள். இன்று வாங்கில் இல்லை. ஆனால் பெருநாளில் கூடு தூக்குவது யார், கொடியேற்றச் செலவு யாருடைய பங்கு, சம்பந்தம் பேசும்போது எந்தக் கோயில்காரர் என்று கேட்பது, இவற்றில் இருக்கிறது. ரோமில் எந்தச் சட்டத்தையும் திருத்தத் தேவையில்லாத மாற்றம் இது. நாங்கள் செய்யாமல் இருக்கிறோம். இதைச் சொன்னதற்காக என்னோடு பேசாமல் விட்டவர்கள் உண்டு, அவர்களும் என் உறவுகள்தான்.

கூட்டொருங்கியக்கம் எண்டு கூட்டம் வைச்சு எங்களிட்டையும் கருத்துக் கேட்டினம். அது என்ன ஆச்சு?

கூட்டொருங்கியக்கம் என்றால் ஆயர், குரு, மக்கள் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுச் சேர்ந்து நடப்பது. 2021இல் பிரான்சிஸ் தொடங்கிய அந்தப் பயணம் 2024 ஒக்டோபரில் ஓர் இறுதி ஏட்டோடு முடிந்தது. லியோ அதைத் தொடர்கிறார். 2028 ஒக்டோபரில் வத்திக்கானில் ஒரு பேரவை கூட இருக்கிறது, அதுவரை உள்ள காலம் மறைமாவட்டங்கள் நடைமுறைப்படுத்துவதற்கு. உங்களுக்கு நேரடியாகப் படுகிற விடயம் ஒன்று: பங்கு அருட்பணிச் சபையை எல்லாப் பங்கிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று அந்த ஏடு கேட்கிறது. பங்குக்கு நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தில் முன்பிருந்தே உள்ளது. உங்கள் பங்கில் அது கூடுகிறதா, கணக்கு வாசிக்கப்படுகிறதா என்று மரியாதையோடு கேளுங்கள்.

பொதுநிலையினர் இதிலெல்லாம் தலையிடலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் சரித்திரத்தைச் சொல்வேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேரும்வரை 29 வருடம் குருக்கள் இல்லாத காலம். அவர் வந்தபோது சில்லாலையில் விசுவாசம் உயிரோடு இருந்தது. செபத்தையும் ஞானஸ்நானத்தையும் காத்துவைத்தவர்கள் சாதாரணக் குடும்பங்கள். அந்த வாஸ் அடிகளாரைத்தான் 2015இல் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தினார்கள்.

இலத்தீன் பூசை திரும்ப வருமோ?

2021இல் பிரான்சிஸ் அதற்குக் கட்டுப்பாடு போட்டார். அந்தச் சண்டை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கிறது. அறுபது வருடமாகத் தமிழில் பூசை கண்டு பழகிய எங்களை அது தொடாது.

நாங்கள் சைவர். எங்களுக்கு இதில என்ன?

பக்கத்து வீட்டு மாமா கேட்டார். 1965இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு ஒன்று, மற்ற மதங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளாது என்கிறது, இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு வத்திக்கானிலிருந்து வாழ்த்து வருகிறது. அந்த ஏட்டின் அறுபதாம் ஆண்டை 2025 ஒக்டோபரில் லியோ பிற மதத் தலைவர்களோடு கொண்டாடினார். ஒரே கடலில் தொழில் செய்து, ஒரே பங்கருக்குள் ஒளிந்து கிடந்தவர்கள் நாங்கள். உங்கள் பேரப்பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கட்டுகிற நாளும் வரலாம். அப்போது சைவப் பெடியன் பற்றிய மேலுள்ள பதில் உதவும் என்றேன், மாமா சிரித்தார்.

சேர், நான் பாப்பரசருக்குக் கடிதம் எழுதினா அவருக்குப் போகுமோ?

மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் கேட்டது. போகும். பாப்பரசர், வத்திக்கான் நகரம், தபால் எண் 00120 என்று உறையில் ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும். உள்ளே தமிழில் எழுதலாம். வத்திக்கான் வானொலிக்குத் தமிழ்ப் பிரிவே இருக்கிறது, தமிழ் தெரிந்த குருக்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர் கையில் எடுத்து வாசிப்பார் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பதினொரு பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி, தான் பீடத்துணைவர் ஆகலாமா என்று கேட்டிருந்தாள். கேள்வி கேட்ட பெடியன் எழுதியது நான்கு வரி: அப்பாவின் வலையைக் கடலில் றோலர் அறுத்துப் போய்விட்டது, நீங்களும் மீன்பிடிகாரப் பேதுருவின் இடத்தில் இருக்கிறீர்கள், எங்களுக்காகச் செபியுங்கள். பிழை திருத்தாமல் அப்படியே உறையில் போட்டு, திங்கட்கிழமை தபால் கந்தோருக்குக் கொண்டுபோய் முத்திரை ஒட்டிக் கொடுத்தேன்.